கிளட்ச் தட்டு புதுப்பித்தல்

கிளட்ச் தட்டு புதுப்பித்தல் என்பது, கையால் கியர் மாற்றும் தானுந்துகளில் தேய்ந்துபோன கிளட்ச் தட்டின் உராய்வுப் பட்டைகளை நீக்கி, புதிய பட்டைகளைப் பொருத்தும் முறையாகும். உற்பத்தி நின்றுபோன வண்டிகளைத் தொடர்ந்து ஓட்ட இது பெரிதும் உதவுகிறது. சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு தானுந்தைத் தயாரித்த நிறுவனம் 1988 இல் வண்டி உற்பத்தியை நிறுத்தியது. அம்பாசடர் உற்பத்தி 2014 இல் முடிவுற்றது.

தேய்வு

கிளட்ச் தட்டு, எஞ்சினின் பிளைவீலுக்கும் அழுத்தத் தட்டுக்கும் இடையே அமைந்துள்ளது. மிதியிலிருந்து காலை எடுக்கும்போது இவ்விரண்டும் அதனை இறுகப் பற்றுவதால், எஞ்சினின் சுழற்சி கியர் பெட்டிக்குச் செல்கிறது. பட்டை தேய்ந்தாலோ அதில் எண்ணெய் படிந்தாலோ தட்டு வழுக்கும். எஞ்சின் விரைந்து சுழன்றும் வண்டி வேகமெடுக்காதிருப்பது இதன் அறிகுறியாகும். தேய்வு ரிவெட் ஆணிகளின் தலையை எட்டினால், அவை பிளைவீலின் பரப்பைக் கீறிவிடும்.

செய்முறை

பழைய ரிவெட்டுகள் துளையிட்டு நீக்கப்படுகின்றன. பின்னர் தட்டின் நெளிவு, நடுக்குடத்தின் பற்கள், விற்சுருள்கள் ஆகியவை சோதிக்கப்படுகின்றன. இவை பழுதுற்றிருப்பின் பட்டையை மட்டும் மாற்றுவதால் பயனில்லை. புதிய பட்டைகளைப் பொருத்தும்போது ரிவெட் தலைகள் பரப்புக்குக் கீழே அமிழ்ந்திருக்க வேண்டும். பிளைவீலில் கீறல்கள் இருப்பின் அவை கடைந்து சமன்செய்யப்படுகின்றன. எண்ணெய்க் கசிவை முதலில் நிறுத்தாவிடில் புதிய பட்டையும் விரைவில் கெடும்.

பாதுகாப்பு

பழைய பட்டைகள் பலவற்றில் கல்நார் கலந்துள்ளது. அதன் தூசு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கவல்லது. எனவே தூசைக் காற்றழுத்தத்தால் ஊதாமல், ஈரத்துணியால் துடைத்து அகற்றுதல் வேண்டும்.