கம்ப்யூட்டருக்குள்ளே ஒரு கம்ப்யூட்டர்



ஊத்துக்கோட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து டிப்ளமோ படித்த பழைய மாணவன் நான். மலருக்குக் கட்டுரை கேட்டதும், ப்ராஜெக்ட் வைவாவுக்கு ரெண்டு நாள் முன்னாடி நான் மாட்டிக்கொண்ட கதைதான் ஞாபகம் வந்தது. கதையோடு கொஞ்சம் பாடமும் உண்டு.

2011 செப்டம்பர் 15-ல் நம் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில்தான் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எல்காட் மூலம் வாங்கிக் கொடுத்த அந்த லேப்டாப்பில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆன் செய்தால் எது வேண்டும் என்று கேட்கும். எங்கள் நாலு பேரின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட், படங்கள் எல்லாம் லினக்ஸ் பக்கம்தான் வைத்திருந்தேன்.

வைரஸ் தொல்லை என்று விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் பண்ணினேன். என் புத்திசாலித்தனம்! லினக்ஸைக் கூப்பிடும் மெனுவின் மேல் விண்டோஸ் தன் பூட் புரோகிராமை எழுதிவிட்டது. டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால் பேரும் எழுத்தும் இல்லாமல் ஒரு பார்ட்டிஷன். ரைட் கிளிக் செய்தால் டெலிட் என்ற வழி மட்டும்தான். "சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு மாப்ளே, டெலிட் பண்ணிடு" என்றான் நண்பன். மவுஸில் கை வைத்துவிட்டேன்.

நல்லவேளை, லேப் அண்ணன் பார்த்துவிட்டார். "இருப்பா தம்பி! எதுவும் அழியலை. விண்டோஸுக்குப் படிக்கத் தெரியலை, அவ்வளவுதான்" என்றார்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். சத்தியவேட்டிலிருந்து தெலுங்கில் ஒரு கடிதம் வருகிறது. நமக்குத் தெலுங்கு தெரியாது என்பதற்காக அதைக் கிழித்துப் போடுவோமா? படிக்கத் தெரிந்தவரைத் தேடுவோம். டிஸ்க்கும் அப்படித்தான். விண்டோஸ் எழுதுவது என்.டி.எஃப்.எஸ். என்ற முறையில், லினக்ஸ் எழுதுவது எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 என்ற முறைகளில். லினக்ஸுக்கு இரண்டும் படிக்கத் தெரியும். விண்டோஸுக்குத் தன்னுடையது மட்டும்தான்.

சரி, படிப்பவரை எப்படிக் கூட்டி வருவது? அதற்குத்தான் விர்ச்சுவல் மெஷின். விர்ச்சுவல் பாக்ஸ் என்ற இலவச மென்பொருள், நம் கம்ப்யூட்டரின் ராம், பிராசஸர் இவற்றில் ஒரு பங்கை ஒதுக்கி, விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை நடத்துகிறது. லைவ் லினக்ஸின் ஐ.எஸ்.ஓ. கோப்பைக் கொடுத்தால் சி.டி. போட்ட மாதிரி அதில் பூட் ஆகும். லைவ் லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, லேப்டாப்பையே அதில் பூட் செய்திருக்கலாமே என்பீர்கள். செய்யலாம். ஆனால் என்னிடம் இருந்தது ஒரே பென்டிரைவ். கோப்புகளைக் காப்பி செய்ய அது வேண்டுமே!

சாதாரணமாக விர்ச்சுவல் மெஷினின் டிஸ்க் என்பது விண்டோஸில் கிடக்கும் ஒரு பெரிய கோப்புதான். நமக்கு வேண்டியதோ நிஜ டிஸ்க். அதற்கு 'ரா டிஸ்க்' என்ற வழி உண்டு. அட்மினிஸ்ட்ரேட்டராக கமாண்ட் கொடுத்து வி.எம்.டி.கே. என்ற சின்னக் கோப்பை உருவாக்கினோம். அதில் நம் தரவு எதுவும் இருக்காது; "இந்த டிஸ்க்கின் இந்தப் பார்ட்டிஷனைப் பார்" என்ற முகவரிதான் இருக்கும். லினக்ஸ் பார்ட்டிஷன் எண்ணை மட்டும் கொடுத்தோம். முழு டிஸ்க்கையும் கொடுக்கக் கூடாது. ஏனென்றால் விண்டோஸும் அதே டிஸ்க்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே கணக்கு நோட்டில் ரெண்டு பேர் ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாமல் எழுதினால் என்ன ஆகும்? டிஸ்க்குக்கும் அதே கதிதான்.

அடுத்து லினக்ஸுக்குள் மவுண்ட் செய்தோம். 'ரீட் ஒன்லி' என்று சொல்லியே மவுண்ட் செய்ய வேண்டும். அப்படியும் எக்ஸ்ட்4-ல், முன்பு பாதியில் நின்றுபோன எழுத்து வேலை இருந்தால் ஜர்னலைப் பார்த்து அதை முடித்து வைக்கும். 'நோலோட்' என்றும் சேர்த்துக் கொடுத்தால் அதுவும் நடக்காது. டிஸ்க் தொடாமல் அப்படியே இருக்கும்.

ஹோம் ஃபோல்டர் திறந்தது. ரிப்போர்ட், படங்கள் எல்லாம் பத்திரம்! அன்று குடித்த டீ மாதிரி ருசியான டீயை அப்புறம் குடித்ததே இல்லை.

இன்று விண்டோஸ் 11-ல் டபிள்யூ.எஸ்.எல். 2 இருக்கிறது. அதுவும் உள்ளே ஒரு விர்ச்சுவல் மெஷின்தான். அதில் ஒரே கமாண்டில் லினக்ஸ் டிஸ்க்கை மவுண்ட் செய்யலாம். ஆனால் முழு டிஸ்க்கையும் எடுத்துக்கொள்ளும். ஆகவே விண்டோஸ் ஓடுகிற அதே டிஸ்க்குக்கு ஆகாது. தனி டிஸ்க் என்றால் சரி.

தம்பி தங்கைகளே, திரையில் ஒன்று புரியவில்லை என்றால் அது காலி என்று அர்த்தமில்லை. டெலிட், ஃபார்மட் என்று வந்தால் கையை எடுத்துவிட்டு, படிக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அதைவிட முக்கியம், ப்ராஜெக்டை ரெண்டு இடத்தில் வையுங்கள்!