இறுகிய மணற்கல் எரிவாயுத் தேக்கங்களும் நிலவியல் அமைப்பும்

இறுகிய மணற்கல் என்பது, மணல்துகள்களுக்கு இடையிலுள்ள துளைகள் மிகவும் சிறுத்துப்போன மணற்கல் ஆகும். மணல் ஆழத்தில் புதையும்போது மேலுள்ள பாரம் துகள்களை நெருக்குகிறது. நிலத்தடி நீரில் கரைந்து வரும் சிலிக்கா போன்ற கனிமங்கள் இடைவெளிகளில் படிந்து அவற்றை அடைக்கின்றன. ஊடுருவுதிறன் 0.1 மில்லிடார்சிக்கும் குறைவாக உள்ள மணற்கல்லே பொதுவாக இப்பெயரால் அழைக்கப்படுகிறது.

சாதாரணத் தேக்கத்துடன் வேறுபாடு

சாதாரண மணற்கல்லில் எரிவாயு நீரைவிட இலேசானது என்பதால் மேலேறி, மேல்மடிப்பின் உச்சியில் தங்குகிறது. இறுகிய மணற்கல்லிலோ நுண்துளைகள் நீரைப் பற்றிக்கொள்வதால் வாயு எளிதில் மேலேற முடிவதில்லை. அமெரிக்காவின் சான் யுவான் படுகையில் ஆழமான நடுப்பகுதியில் வாயுவும், உயர்ந்த விளிம்பில் நீரும் காணப்படுகின்றன. எனவே இத்தகைய பாறையில் மடிப்பும் பிளவுப்பெயர்ச்சியும் முக்கியமல்ல என்று தோன்றலாம். அது சரியன்று. அவற்றின் பணி மாறுகிறதே தவிர மறைவதில்லை.

அருகருகே இரு வயல்கள்

வயோமிங் மாநிலத்தின் கிரீன் ரிவர் படுகையிலுள்ள ஜோனா, பைன்டேல் என்னும் இரு வயல்கள் இதை நன்கு விளக்குகின்றன. இரண்டிலும் வாயு தருவது, சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் படியவைத்த லான்ஸ் அடுக்கின் மணற்கற்களே.

ஜோனாவில் ஏறக்குறையச் செங்குத்தான இரு பிளவுப்பெயர்ச்சிகள் ஒன்றையொன்று சந்தித்து ஆப்பு வடிவப் பகுதியை அடைக்கின்றன. அதனுள் வாயுவின் மிகையழுத்தம், வெளியே இருப்பதைவிடக் குறைந்த ஆழத்திலேயே தொடங்குகிறது. இங்கே பிளவுப்பெயர்ச்சி சுவராக நிற்கிறது.

பைன்டேல் நீண்டு குறுகிய மேல்மடிப்பு. கரும்பை முழங்காலில் வைத்து வளைத்தால் வெளிப்பக்கமே முதலில் விரிகிறது அல்லவா? பாறை மடியும்போதும் வளைவு மிகுந்த இடங்களில் விரிசல்கள் தோன்றலாம். அவை திறந்திருந்தால் வாயு வரும் வழியாகும். கனிமம் படிந்து மூடினால் பயனில்லை.

மடிப்பு எப்போது தோன்றியது என்பதும் முக்கியம். பாறை இறுகுவதற்கு முன் மடிந்திருந்தால் வாயு உச்சியை நோக்கி நகர வாய்ப்பு உண்டு. இறுகிய பின் மடிந்தால் விரிசல்களே பெரும்பயன்.

அமைப்பை அறிவதன் பயன்

பாறையைப் பிளக்கும் வழி தேடி, 1969-ல் கொலராடோவின் ரூலிசனில் நிலத்தடியில் அணுகுண்டே வெடிக்கப்பட்டது. வாயு வந்தது, ஆனால் கதிரியக்கம் கலந்திருந்ததால் விற்பனைக்கு உதவவில்லை. பைன்டேலிலும் 1970களின் தொடக்கத்தில் இத்தகைய திட்டம் இருந்தது, உள்ளூர் மக்கள் எதிர்த்தனர், அது கைவிடப்பட்டது. பின்னர் நீரழுத்த முறிப்பு முறையே இவ்வயல்களை வளர்த்தது.

இம்முறையிலும் பிளவுப்பெயர்ச்சியின் இடம் தெரியாமல் துளையிட்டால், செலுத்தும் நீர் பாறையை முறிக்காமல் அதன் வழியே ஓடிவிடக்கூடும். ஆகவே இயற்கை எங்கே அடைத்திருக்கிறது, எங்கே விரித்திருக்கிறது என்பதை அறிவதே முதல் வேலை.