இசிஜி வாசிக்க மலையிலேயே ஆள் வேண்டும்

நெஞ்சுவலியோடு வருபவரின் உடலில் பத்து மின்முனைகளைப் பொருத்தி, இசிஜி எனப்படும் இதய மின் வரைபடத்தை எடுக்க ஐந்து நிமிடம் போதும். அந்தக் காகிதத்தை வாசித்துப் பொருள் சொல்ல எவ்வளவு நேரமாகும் என்பது, அது எடுக்கப்படும் இடத்தில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. பெருநகரங்களில் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரிவதில்லை. சில தெருக்கள் தள்ளி இன்னொரு மருத்துவமனை இருக்கும். நீலகிரியில் நிலைமை அப்படியில்லை.

உதகமண்டலத்திலிருந்து கோவைக்கு ஏறத்தாழ 85 கிலோமீட்டர். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் பாதையில் மட்டும் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. போக்குவரத்து சீராக இருந்தாலே கோவையின் பெரிய மருத்துவமனைகளை அடைய இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகிவிடும். கூடலூர், பந்தலூர் வட்டங்களில் வாழ்வோருக்குத் தொலைவு இன்னும் அதிகம். அவர்களில் பலர் சிகிச்சைக்காகக் கேரளத்துக்கோ மைசூருக்கோ செல்கின்றனர். கோடையில் சுற்றுலா வாகனங்களால் மலைப்பாதைகள் திணறியதன் விளைவாகவே, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. பருவமழைக் காலத்திலோ மண்சரிவு பாதைகளை மூடிவிடுகிறது. 2009 நவம்பர் பெருமழையில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இம்மாவட்டம் மறந்திருக்க முடியாது.

இந்தத் தொலைவுக்கும் இதய மருத்துவத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய் ரத்தக் கட்டியால் முழுமையாக அடைபடுவதே மாரடைப்பின் கடுமையான வகை. அடைப்பை நீக்க இரண்டு வழிகள் உள்ளன. குழாய்க்குள் பலூனைச் செலுத்தி விரித்து ஸ்டென்ட் வைக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி ஒன்று; கட்டியைக் கரைக்கும் மருந்தை ஊசி மூலம் செலுத்துவது மற்றொன்று. முதலாவதே சிறந்தது. ஆனால், நோய் கண்டறியப்பட்டதிலிருந்து 120 நிமிடங்களுக்குள் அதைச் செய்ய இயலாது என்றால் காத்திருக்கக் கூடாது. கரைக்கும் மருந்தை உடனே கொடுத்துவிட்டு, அதன் பிறகு நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதே உலகளாவிய மருத்துவ வழிகாட்டுதல்.

அந்த மருந்தின் பயனும் நேரத்தைப் பொறுத்தே அமைகிறது. 1996இல் 'லான்செட்' இதழில் வெளியான புகழ்பெற்ற பகுப்பாய்வு ஒன்று, வலி தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து பெற்ற ஆயிரம் பேரில் கூடுதலாக 65 உயிர்கள் காக்கப்பட்டதாகக் கணக்கிட்டது. இரண்டு மணி நேரத்துக்கும் மூன்று மணி நேரத்துக்கும் இடையில் மருந்து பெற்றவர்களில் அந்த எண்ணிக்கை 26ஆகக் குறைந்தது. மலையிறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பப்படும் நோயாளி வழியில் இழப்பது இந்த வேறுபாட்டைத்தான்.

மருந்தை மலையிலேயே கொடுக்க வேண்டுமானால், அதற்கு முன்பு இசிஜியை மலையிலேயே ஒருவர் வாசித்தாக வேண்டும். தவறாக வாசித்தாலும் ஆபத்துதான். மருந்து பெறுவோரில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு மூளையில் ரத்தக் கசிவு ஏற்படக்கூடும். மகாதமனியின் உட்சுவர் கிழிந்ததால் வரும் வலியை மாரடைப்பு என்று கருதி இம்மருந்தைக் கொடுத்தால் உயிருக்கே கேடாகும். எனவே, 'யாராவது ஒருவர்' வாசித்தால் போதாது. பழகிய கண் வேண்டும்.

அந்தக் காகிதத்தில் என்னதான் இருக்கிறது? நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் நகரும் கட்டம் போட்ட தாளில் இதயத்தின் மின்னோட்டம் கோடாகப் பதிவாகிறது. ஒரு சிறிய கட்டம் 0.04 நொடி, ஐந்து சிறிய கட்டங்கள் கொண்ட பெரிய கட்டம் 0.2 நொடி. முதலில் வரும் சிறு மேடான 'பி' அலை இதயத்தின் மேலறைகள் தூண்டப்படுவதையும், அடுத்து வரும் கூர்மையான 'கியூஆர்எஸ்' கீழறைகள் தூண்டப்படுவதையும், இறுதியில் வரும் 'டி' அலை அவை மீண்டும் இயல்புக்குத் திரும்புவதையும் காட்டுகின்றன. கியூஆர்எஸ்ஸுக்கும் டி அலைக்கும் இடைப்பட்ட 'எஸ்டி' பகுதி இயல்பாக அடிக்கோட்டை ஒட்டியே இருக்கும். ரத்தக்குழாய் முற்றிலும் அடைபட்டால் அது மேலெழுகிறது. இதயத்தைப் பன்னிரண்டு கோணங்களிலிருந்து பார்க்கும் பன்னிரண்டு பதிவுகளில், அருகருகே உள்ள குறைந்தது இரண்டில் இந்த எழுச்சி தெரிய வேண்டும். எந்தப் பதிவுகளில் எழுந்திருக்கிறது என்பதைக் கொண்டு இதயத்தின் எந்தச் சுவர் பாதிக்கப்பட்டுள்ளது என்று சொல்லிவிடலாம்.

விதி எளிதாகத் தோன்றும், வாசிப்பு எளிதன்று. நலமாக உள்ள இளைஞர் சிலருக்கும் எஸ்டி பகுதி சற்று உயர்ந்தே இருக்கும். இதய உறை அழற்சியிலும் அது உயரும். இதயத்தின் பின்சுவரில் ஏற்படும் மாரடைப்பிலோ, முன்புறப் பதிவுகளில் எழுச்சிக்கு மாறாகத் தாழ்ச்சி தெரியும். முதல் இசிஜி இயல்பாக இருந்து, அரை மணி நேரம் கழித்து எடுத்ததில் மாரடைப்பு வெளிப்படுவதும் உண்டு.

2020இல் 'ஜாமா இன்டர்னல் மெடிசின்' இதழில் வெளியான ஆய்வுத் தொகுப்பு, 78 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மருத்துவர்கள் இசிஜியை எவ்வளவு சரியாக வாசிக்கிறார்கள் என்று பார்த்தது. பயிற்சிக்கு முன்பு நடத்தப்பட்ட தேர்வுகளில் சரியாக வாசித்த அளவு 54%. பயிற்சிக்குப் பின்பு 67%. மருத்துவ மாணவர்கள் 42%, பணியில் உள்ள பொது மருத்துவர்கள் 69%, இதய மருத்துவர்கள் 75% என்ற அளவில் இருந்தனர். பட்டம் பெற்றதாலேயே இந்தத் திறன் வந்துவிடுவதில்லை என்பதும், பயிற்சியால் அது கூடுகிறது என்பதும் இதிலிருந்து தெரிகின்றன.

இந்த இடத்தில்தான் இணையவழிப் படிப்புகள் முக்கியத்துவம் பெறுகின்றன. ஒரே மருத்துவரும் சில செவிலியரும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒருவரைப் பத்து நாள் பயிற்சிக்குச் சென்னைக்கு அனுப்பினால், அந்தப் பத்து நாளும் அங்கு வருவோர் தவிப்பார்கள். தோட்ட மருத்துவமனைகளின் நிலையும் இதுவே. தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி செய்து தருவதைத் தோட்ட நிர்வாகங்களின் கடமையாக்கியது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். அங்கு பணியாற்றும் மருத்துவருக்கோ செவிலியருக்கோ கற்பதற்கென விடுப்பு கிடைப்பது அரிது. பணி முடிந்த இரவில், கைப்பேசியில், தம் வேகத்துக்கு ஏற்பக் கற்க இணையம் வழிசெய்கிறது. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியுடன் இணைந்த பாஸ்டன் மருத்துவமனை ஒன்று உருவாக்கிய 'இசிஜி வேவ்-மேவன்', ஆஸ்திரேலிய அவசர மருத்துவர்கள் தொடங்கிய 'லைஃப் இன் த ஃபாஸ்ட் லேன்' ஆகியவை நூற்றுக்கணக்கான வரைபடங்களை விளக்கத்துடன் கட்டணமின்றித் தருகின்றன.

ஆனால், எல்லா இணையவழிப் படிப்பும் ஒரே பயனைத் தருவதில்லை. கனடாவைச் சேர்ந்த ரோஸ் ஹடாலா, ஜெஃப்ரி நார்மன் உள்ளிட்டோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு நோயைப் படித்ததும் அந்நோய்க்கான வரைபடங்களை மட்டும் பார்த்துப் பழகினர். மற்றொரு பிரிவினருக்குப் பல நோய்களின் வரைபடங்கள் கலந்து தரப்பட்டன. புதிய வரைபடங்களைக் கொடுத்துச் சோதித்தபோது முதல் பிரிவினர் 30%, கலந்து பழகியவர்கள் 46% சரியாகச் சொன்னார்கள். 'மாரடைப்பு' என்று தலைப்பிட்ட பாடத்தின்கீழ் மாரடைப்பை அடையாளம் காண்பது எவருக்கும் இயலும். நோயாளி தலைப்போடு வருவதில்லையே! பாடக் காணொலிகளைப் பார்த்து முடித்ததும் சான்றிதழ் தரும் படிப்புக்கும், தலைப்பில்லா வரைபடங்களை நாள்தோறும் முன்வைத்து விடை கேட்கும் படிப்புக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

கேப்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இன்னொன்றையும் உணர்த்துகிறது. கணினிவழிக் கற்றல் மட்டும் தனியாக இருந்தால் வகுப்பறையைவிட உயர்ந்தது என்று நிறுவ முடியவில்லை. நேரடிக் கற்பித்தலுடன் அது சேர்ந்தபோது பயன் கூடியது. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. மார்பில் பொருத்தும் முதல் இரண்டு மின்முனைகள் நான்காவது விலா இடைவெளியில் அமைய வேண்டும். அவற்றை மேலே ஏற்றி வைத்துவிடுவது பரவலாகக் காணப்படும் பிழை. இடக்கை, வலக்கைக் கம்பிகள் மாறிவிட்டால் முதல் பதிவு தலைகீழாக விழும். தவறாக எடுத்த இசிஜியை எத்தனை வல்லுநர்கள் வாசித்தாலும் பயனில்லை. விலா எலும்பை விரலால் எண்ணிப் பார்க்கத் திரை கற்றுத்தராது. அருகில் நின்று ஒருவர் காட்ட வேண்டும்.

'கைப்பேசியில் படமெடுத்து கோவையில் உள்ள இதய மருத்துவருக்கு அனுப்பினால் போதாதா? ஊரில் இருப்பவர் ஏன் கற்க வேண்டும்?' என்ற கேள்வி நியாயமானதே. தொலைவிலிருந்து வாசிப்பது புதிதும் அன்று. இசிஜி கருவியை உருவாக்கி 1924இல் நோபல் பரிசு பெற்ற வில்லம் ஐந்தோவன், லெய்டன் மருத்துவமனையில் இருந்த நோயாளிகளின் பதிவுகளை ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த தம் ஆய்வகத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியாக அனுப்பிய முறையை 1906லேயே எழுதிவிட்டார். தமிழ்நாட்டிலும் இது வெற்றி கண்டுள்ளது. கோவை இதய மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் அஜித் முல்லாசரி ஆகியோர் முன்னின்று நடத்திய 'தமிழ்நாடு ஸ்டெமி' திட்டம், சிறிய மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளுடன் இணைத்தது. சிறிய மருத்துவமனையிலேயே இசிஜி எடுத்து, கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்து, பின்னர் ஆஞ்சியோகிராமுக்கு மாற்றும் ஒழுங்கை ஏற்படுத்தியது. 2,420 நோயாளிகளைக் கொண்டு நடந்த அதன் ஆய்வு 2017இல் 'ஜாமா கார்டியாலஜி' இதழில் வெளியானது. மருத்துவமனையில் இருக்கும்போது நேரும் இறப்பில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. ஆனால், ஓராண்டுக்குள் நேரும் இறப்பு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2ஆகக் குறைந்தது. கர்நாடகத்தின் 'ஹிருதய ஜோதி' திட்டமும் தாலுகா மருத்துவமனைகளை இதே வகையில் பெரிய இதய மருத்துவமனைகளுடன் இணைக்கிறது.

எனினும், தொலைவில் இருக்கும் வல்லுநருக்கு அனுப்ப வேண்டும் என்று தீர்மானிப்பவர் நோயாளியின் அருகில் இருப்பவரே. கூடை சுமந்து தேயிலை பறிக்கும் பெண் தோளிலும் முதுகிலும் வலி என்று வந்தால், அதை வேலையால் வந்த வலி என்று எண்ணித் தைலம் கொடுத்து அனுப்பிவிடுவது எளிது. மாரடைப்பு பெண்களிடமும் நீரிழிவு உள்ளவர்களிடமும் பல நேரங்களில் நெஞ்சைப் பிடிக்கும் வலியாக வராமல், மூச்சுத்திணறலாகவும் களைப்பாகவும் தாடை வலியாகவும் வருகிறது. அங்கே ஐயம் கொள்ளவும், பத்து நிமிடங்களுக்குள் இசிஜி எடுக்கவும், ஐயம் தீராவிட்டால் மீண்டும் எடுக்கவும் கற்றவர் ஒருவர் வேண்டும். மேலும், மலைச்சரிவுகளில் கைப்பேசி அலைவரிசை எப்போதும் கிடைப்பதில்லை. கருவியே அச்சிட்டுத் தரும் கணினி விளக்கத்தை நம்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்கவும் மனித அறிவு தேவைப்படுகிறது.

தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ், மாரடைப்பு அறிகுறிகளுடன் வருவோருக்கு ஆரம்ப, துணை சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டாடின் மாத்திரைகள் முதல் தவணையாக வழங்கப்படுகின்றன. நீலகிரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்துள்ளது; 700 படுக்கைகள் கொண்ட அதன் மருத்துவமனை 2025 ஏப்ரலில் உதகையில் திறக்கப்பட்டது. மருந்தும் கட்டடமும் வந்துவிட்டன. அடுத்த படி, இசிஜி வாசிப்பைத் துணை சுகாதார நிலையத்துக்கு மேலே உள்ள ஒவ்வொரு நிலையத்துக்கும் கொண்டுசேர்ப்பதாக இருக்க வேண்டும்.

அதற்குப் பெரும் செலவு தேவையில்லை. முதலாவதாக, இணையவழிப் படிப்பில் செலவிடும் நேரத்தைப் பணி நேரமாகக் கணக்கில் கொள்ள வேண்டும். இரண்டாவதாக, செவிலியர்களுக்காகவும் 108 ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்காகவும் தமிழில் பாடங்கள் அமைய வேண்டும். மூன்றாவதாக, மின்முனைகளைப் பொருத்தும் பயிற்சியை உதகை மருத்துவக் கல்லூரி ஆண்டுக்கு இருமுறையேனும் நேரில் நடத்தலாம். நான்காவதும் மிக முக்கியமானதும் ஒன்று உண்டு: அனுப்பி வைத்த நோயாளிக்கு இறுதியில் என்ன கண்டறியப்பட்டது என்ற செய்தி, இசிஜியை முதலில் வாசித்தவருக்குத் திரும்பி வர வேண்டும். தம் வாசிப்பு சரியா தவறா என்று அறியாமல் ஆயிரம் இசிஜி பார்த்தாலும் திறன் வளராது. மலையில் இத்தகைய கற்றல் இயலுமா என்று ஐயப்பட வேண்டியதில்லை. கூடலூரில் 1990இல் தொடங்கப்பட்ட 'அஸ்வினி' அமைப்பு, பழங்குடி இளம்பெண்களையே செவிலியராகப் பயிற்றுவித்து ஒரு மருத்துவமனையை நடத்திக் காட்டியிருக்கிறது.

மக்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. நலமாக இருக்கும்போது எடுத்த இசிஜியைத் தூக்கி எறியாமல் மருத்துவக் குறிப்புகளுடன் பாதுகாத்து வையுங்கள். கைப்பேசியிலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்று தெரியும் மாற்றம் புதியதா, பழையதா என்பதைப் பல நேரங்களில் அந்தப் பழைய காகிதம்தான் சொல்லும். அதை வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த ஒருவர் பக்கத்து சுகாதார நிலையத்தில் இருப்பதை உறுதிசெய்வது அரசின் கடமை.