மடியாத பின்னிருக்கை

காலபோக அறுவடை முடிந்திருந்த ஒரு காலைப்பொழுது. நாம் பாவிக்கும் பழைய ஸ்ரேசன் வாகனில் விதைநெல் மூடைகளை ஏற்ற வேண்டியிருந்தது. பின்னிருக்கையை மடித்தால்தான் மூடைகள் கொள்ளும். இருக்கையோ அசையவில்லை. ஒருவர் அலவாங்கு எடுக்க ஓடினார். அருகில் நின்ற வயதான சாரதி ஒருவர் தடுத்தார். "நெம்பாதேங்கோ. முதல்ல சாய்வைப் பின்னுக்குத் தள்ளுங்கோ" என்றார். தள்ளிக்கொண்டே பிடியை இழுத்தோம். 'டக்' என்ற ஒலியுடன் இருக்கை மடிந்தது.

ஒரு வாகனத்தைப் பல குடும்பங்கள் பகிர்ந்து பாவிக்கும் இடங்களில் இது சிறிய விடயமன்று. பகலில் மரக்கறி ஏற்ற இருக்கை மடிய வேண்டும். இரவில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல அது நிமிர வேண்டும்.

ஏன் இறுகுகிறது?

இருக்கைச் சாய்வின் பக்கத்தில் ஒரு கொளுக்கி உண்டு. அது வாகனத்தின் உடலில் பொருத்திய தடித்த இரும்புக் கம்பியைக் கௌவிக்கொள்ளும். பிடியை இழுத்தால் கொளுக்கி திறக்கும்; விட்டால் சுருள்வில் அதை மூடும். பின்னாலுள்ள சுமை சாய்வை முன்னோக்கித் தள்ளும்போது கொளுக்கி கம்பியில் இறுகிவிடும். தூசி, துரு, நெல்மணி, சாக்கு நூல் என்பனவும் அதனை இறுக்கும்.

செய்ய வேண்டியவை

1. பின்னாலுள்ள சுமையை இறக்குங்கள். முன்னிருக்கையை முன்னே நகர்த்துங்கள். சீற் பெல்ற் எங்காவது சிக்கியுள்ளதா எனப் பாருங்கள். சில வாகனங்களில் அமரும் பகுதியை முதலில் தூக்கி முன்னே புரட்டினால்தான் சாய்வு மடியும்.

2. ஒருவர் சாய்வைப் பின்னோக்கி அழுத்த, மற்றவர் பிடியை இழுக்கட்டும். பெரும்பாலும் இதுவே போதும்.

3. இன்னும் மடியாவிட்டால் பிடியைக் கவனியுங்கள். அது கடினமாக இருந்தால் கொளுக்கி இறுகியுள்ளது. துரு இளக்கும் எண்ணெயைச் சிறிது விட்டு, அரைமணி நேரம் பொறுத்து மீண்டும் முயலுங்கள்.

4. பிடி தளர்ந்து ஆடினால், அதையும் கொளுக்கியையும் இணைக்கும் கேபிள் கழன்றோ அறுந்தோ இருக்கலாம். பின்கதவைத் திறந்து, சாய்வின் பின்புற விரிப்பை மெதுவாகக் கழற்றினால், பல வாகனங்களில் கொளுக்கியின் சிறு நெம்பைக் காணலாம். அதைக் குறட்டால் இழுங்கள். விரலை விடாதீர்கள், சுருள்வில் நசுக்கிவிடும்.

5. மடிந்தபின் கொளுக்கியைப் பழைய பல்துலக்கியாலும் சிறிது மண்ணெண்ணெயாலும் துப்புரவாக்கி, துடைத்து, கொஞ்சம் கிறீஸ் பூசுங்கள். அருகில் நெருப்பு வேண்டாம். சீற் பெல்ற்றில் எண்ணெய் படவிடாதீர்கள். தேங்காயெண்ணெய் விடுவது எம்மவர் வழக்கம். அது நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடிக்கும்.

பூட்டாத இருக்கை

மடியாத இருக்கை தொல்லை. பூட்டாத இருக்கை ஆபத்து. இதை நாம் எமது தவறினாலேயே கற்றோம். ஒருமுறை இருக்கையை நிமிர்த்தி, பூட்டியதாக நினைத்துப் புறப்பட்டோம். வீதியில் மாடு குறுக்கிட்டது. பிறேக் பிடித்ததும் வெங்காய மூடை சாய்வைத் தள்ள, இருக்கையிலிருந்த இரு சிறுவர்கள் முன்னே வீசப்பட்டனர். சிராய்ப்புடன் தப்பினர்.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் எதிலாவது மோதி நின்றுவிட்டால், பின்னாலுள்ள மூடை அதே வேகத்தில் முன்னே வரும். ஏறக்குறைய முப்பது அடி உயரத்திலிருந்து விழும் மூடையின் வேகமும் அவ்வளவுதான்.

ஆகவே இருக்கையை நிமிர்த்தியதும் சாய்வின் மேல்விளிம்பை இரு கைகளாலும் முன்னோக்கி இழுத்துப் பாருங்கள். இரு பக்கமும் அசையக்கூடாது. சில வாகனங்களில் பூட்டாதபோது சிவப்பு அடையாளம் தெரியும். பூட்ட மறுத்தால், கொளுக்கி முன்னரே மூடிக்கொண்டிருக்கலாம். பிடியை ஒருமுறை இழுத்துத் திறந்துவிட்டு, மீண்டும் சாய்வைத் தள்ளுங்கள். அப்படியும் பூட்டாவிட்டால், திருத்தும்வரை அந்த இருக்கையில் எவரையும் ஏற்ற வேண்டாம். கயிற்றால் கட்டிச் சமாளிப்பது போதாது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அலவாங்கால் நெம்பி வளைத்த கொளுக்கி பின்னர் ஒழுங்காகப் பூட்டாது. அன்று அந்தச் சாரதி தடுத்திராவிட்டால், மூடைகள் ஏறியிருக்கும். ஆனால் அதன்பின் அந்த இருக்கையை நம்பி ஒரு பிள்ளையையும் நாம் அமர்த்தியிருக்க முடியாது.