ஐந்து வரிப் பட்டியலின் பலம்

தீவிர சிகிச்சைப் பிரிவில் நமக்கு வேண்டியவர் படுத்திருந்தால், முதலில் நம் கண்ணில் படுபவை குழாய்கள்தான். அவற்றில் ஒன்று, கழுத்திலோ மார்பிலோ உள்ள பெரிய ரத்தக்குழாய்க்குள் செருகப்படுகிறது. மருந்து போகும் அந்த வழியாகவே கிருமியும் நுழையலாம். ரத்தத்தில் தொற்று பரவினால், நோயிலிருந்து மீண்டுவந்தவரையும் இழக்க நேரிடும்.

“இதெல்லாம் சகஜம்” என்றே பலரும் நீண்டகாலம் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் பீட்டர் புரொனொவோஸ்ட் அப்படி நினைக்கவில்லை. 2001-இல் அவர் ஐந்து வரிகளில் ஒரு பட்டியல் போட்டார்.

கைகளைக் கழுவுங்கள். நோயாளியின் தோலைக் கிருமிநாசினியால் துடையுங்கள். முகக்கவசம், தொப்பி, அங்கி, கையுறை அணிந்து, நோயாளியையும் கிருமி நீக்கிய துணியால் மூடுங்கள். தொடைப் பகுதியில் குழாய் செருகுவதை முடிந்தவரை தவிருங்கள். தேவை முடிந்ததும் குழாயை எடுத்துவிடுங்கள்.

இதில் மருத்துவருக்குத் தெரியாதது எது? எதுவும் இல்லை. ஆனால் அவசரத்தில் ஏதாவது ஒன்று விடுபட்டது. ஏன் என்று பார்த்தபோது, தேவையான பொருள்கள் வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடந்தன. எல்லாவற்றையும் ஒரே தள்ளுவண்டியில் வைத்தார்கள். ஒரு படி விடுபட்டால் மருத்துவரையே நிறுத்தச் சொல்லும் அதிகாரம் தாதியருக்குத் தரப்பட்டது. மாற்றத்தின் உயிர்நாடியே இதுதான்.

அடுத்து, மிச்சிகன் மாநிலத்தில் 100-க்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இதைப் பின்பற்றின. 2006-இல் வெளியான ஆய்வின்படி, குழாய் பொருத்தப்பட்டிருந்த ஒவ்வொரு 1,000 நாள்களுக்கும் சராசரியாக 7.7 ஆக இருந்த தொற்று, ஒன்றரை ஆண்டில் 1.4 ஆகக் குறைந்தது.

அப்படியானால் பட்டியல் ஒட்டினால் போதுமா? கனடாவின் ஒண்டாரியோவில் அறுவை சிகிச்சைக்கான பாதுகாப்புப் பட்டியல் நடைமுறைக்கு வந்தபின், 101 மருத்துவமனைகளை ஆராய்ந்தார்கள். 2014-இல் வெளிவந்த முடிவு: இறப்பு விகிதம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. மேலிடம் சொன்னதற்காகப் போடும் ‘சரி’ அடையாளம் யாரையும் காப்பாற்றாது. குழுவே பிரச்சினையைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு உதவும் எளிய முறை ஒன்று உண்டு. எட்வர்ட்ஸ் டெமிங் பரப்பிய சுழற்சி அது: திட்டமிடு, செய்து பார், ஆராய், திருத்து. ஒரு முதியோர் இல்லத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் இரவில் அடிக்கடி விழுகிறார்கள். யாரைத் திட்டலாம் என்று தேடாமல், இரண்டு வாரம் கணக்கெடுங்கள்: எந்த நேரம், எந்த இடம்? விடியற்காலையில் கழிவறைக்குப் போகும் வழியில்தான் என்று தெரிந்தால், ஓர் அறையில் மட்டும் ஒரு சிறு விளக்கு வைத்துப் பாருங்கள். மீண்டும் எண்ணுங்கள். குறைந்தால் அடுத்த அறைக்குக் கொண்டுபோங்கள். குறையாவிட்டால் வேறு வழி தேடுங்கள். செலவு அதிகமில்லை, பொறுமைதான் வேண்டும்.

மருத்துவமனையில் உறவினர் அருகே அமர்ந்திருக்கும் நமக்கும் இதில் பங்குண்டு. அடுத்த முறை தாதியிடமோ மருத்துவரிடமோ பணிவாக ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்தக் குழாய் இன்றும் தேவைதானா?”