இன்வெர்ட்டர் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

அய்யன் வாய்க்காலும் பெருவளை வாய்க்காலும் பாயும் லால்குடி வட்டாரத்தில், தண்ணீர் வரும் நாளில் தேக்கிவைத்தால்தான் வராத நாளில் மடையைத் திறக்கலாம் என்பதை எந்தக் குடியானவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் வைக்கும் பேட்டரியும் இன்வெர்ட்டரும் அத்தகைய குளமும் மடையுமேயாம். நம் அங்கத்தினர்களில் பலர் மடையை விலை பேசுவதில் காட்டும் அக்கறையைக் குளத்தின் கொள்ளளவை அறிவதில் காட்டுவதில்லை. அதன் பொருட்டே இக்கட்டுரை.

2012ஆம் ஆண்டின் மின்வெட்டை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்கு 10 மணி நேரத்திற்கும் மேல் மின்சாரம் இல்லை. கடன்பட்டேனும் ஒரு பேட்டரி வாங்கி வைத்தவர்கள் அநேகர். ஆயினும் சில மாதங்களுக்குள்ளேயே, ‘அரை மணி நேரம்கூட நிற்கவில்லை’ என்ற குறை எங்கும் கேட்டது. குற்றம் பெரும்பாலும் பொருளில் இல்லை. வரவுசெலவுக் கணக்கில் இருந்தது. இரண்டு விசிறியும் ஒரு குழல்விளக்கும் ஏறக்குறைய 200 வாட் எடுத்தால், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர் வெளியே போகிறது. மின்சாரம் வந்ததும் சாதாரண இன்வெர்ட்டர் உள்ளே செலுத்துவதோ 10 முதல் 15 ஆம்பியர்தான். ஒரு மணி நேரம் வருவதும் ஒரு மணி நேரம் போவதுமாக இருந்த அந்நாட்களில், செலவு வரவை மிஞ்சிக்கொண்டே போயிற்று. குறைச் சார்ஜில் நெடுநாள் கிடக்கும் பேட்டரியின் ஈயத் தகடுகளில் உப்பு இறுகிப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு மின்சாரம் கொடுத்தாலும் அது ஏற்பதில்லை.

இப்பொழுது அந்த நிலைமை இல்லை. மாதாந்திரப் பராமரிப்பிற்காகக் காலை முதல் மாலை வரை நிறுத்துவதும், மழை காற்றில் கம்பி அறுவதுமே பெரும்பாலும் நாம் காணும் தடைகள். ஆகையால் ஒரு பகல்பொழுதைத் தாண்டுவதற்கு எவ்வளவு வேண்டும் என்பதே கேள்வி.

கணக்கு எளிது. பேட்டரியின் மேல் 150 ஏ.எச். என்று எழுதியிருந்தால், அதை 12ஆல் பெருக்க 1,800 வாட்-மணி வரும். இதில் பாதியை மட்டுமே செலவழிப்பதாக வைத்துக்கொள்வது பேட்டரியின் ஆயுளுக்கு நல்லது. மீதி 900இல் இன்வெர்ட்டர் தன் பங்காக ஐந்தில் ஒன்றை எடுத்துக்கொள்ளும். கைக்கு வருவது 720. மேலும் சற்று எடுக்க முடியாதென்பதில்லை. தினமும் எடுத்தால் ஆயுள் குறையும். 75 வாட் விசிறி இரண்டும் 9 வாட் எல்.இ.டி. விளக்கு மூன்றும் 177 வாட். ஆக, சுமார் 4 மணி நேரம். விற்பனையாளர் 8 மணி என்று சொன்னால், அவர் குளத்தை வறள இறைத்துக் கணக்குச் சொல்கிறார் என்று அறிக.

நிற்க. இதே வீட்டில் பழைய விசிறிகளை மாற்றி, 30 வாட் அளவே எடுக்கும் பி.எல்.டி.சி. விசிறி இரண்டைப் போட்டால் மொத்தம் 87 வாட்தான். அதே பேட்டரி 8 மணி நேரம் நிற்கும்! இரண்டாவது பேட்டரிக்குப் பணம் தேடுமுன் விசிறியை மாற்றுவதே புத்திசாலித்தனம் என்பது நம் அபிப்பிராயம். மின் கட்டணத்திலும் அந்த மிச்சம் மாதந்தோறும் தெரியும்.

உறையூரிலும் மணமேட்டிலும் கைத்தறி நெய்யும் அங்கத்தினர்களுக்குத் தறியின்மேல் ஒரு விளக்கும் அருகே ஒரு விசிறியும் போதும். இழை அறுந்தது தெரியாமல் நெய்தால் சேலையே கெடுமாதலால், இந்தச் சிறு வெளிச்சம் கூலியைக் காப்பாற்றுகிறது. விசைத்தறிக்காரரும் பம்புசெட்டுக்காரரும் வீட்டு இன்வெர்ட்டரை நம்பலாகாது. 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போதே 3,700 வாட்டுக்கு மேல் கேட்கும். கிளம்பும்போது அதைப்போலப் பன்மடங்கு இழுக்கும்.

கூரைமேல் சூரிய மின்தகடு வைத்தோருக்கும் ஒரு வார்த்தை. 2024இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. ஆனால் மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைத்து, பேட்டரி இல்லாமல் வைத்த அமைப்பு, மின்தடை நேர்ந்தால் நல்ல வெயிலிலும் தானே நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. இதை அறியாமல் ஏமாற்றம் அடைந்தவர்கள் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் கம்பங்களைச் சாய்த்தபோது பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய காலத்தில் மறுபடி நிரப்ப வழியில்லாத பேட்டரி முதல் இரவோடு சரி. நீண்ட தடைக்கும் துணை வேண்டுவோர், மின்தகட்டிலிருந்து பேட்டரியை நிரப்பும் அமைப்பைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். சார்ஜ் ஏறுகையில் ஹைட்ரஜன் வாயு வெளிப்படும், அது தீப்பற்றக்கூடியது. பூஜை விளக்கின் அருகும் சமையற்கட்டின் மூலையும் கூடவே கூடா. இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை மிதவைக் குறியைப் பார்த்து, குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். கிணற்று நீரும் குழாய் நீரும் ஆகா. அமிலம் ஊற்றுவது அதனினும் கேடு. முனைகளில் வெண்பச்சையாய்ப் பூக்கும் உப்பை, இணைப்பைத் துண்டித்தபின் வெந்நீரால் துடைத்து, வாசலின் தடவலாம். இவ்வளவும் செய்தால் குழாய்த் தகட்டுப் பேட்டரி 4, 5 ஆண்டுகள் உழைக்கும். லித்தியம் பேட்டரிக்கு நீர் வேண்டாம், ஆயுளும் அதிகம், விலையும் அதிகம்.

உழைத்து ஓய்ந்த பேட்டரியைக் கொல்லையில் உடைத்து ஈயம் எடுக்க முனையாதீர்கள். ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் விஷம். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, அதற்குரிய தொகையைப் பில்லில் கழித்து எழுதச் சொல்லுங்கள்.