கையெழுத்து மகனுடையது, கால் அம்மாவுடையது

"கால போத்தோங் பண்ணணுமாம். பாட்டிகிட்ட மட்டும் சொல்லிடாத." கிள்ளான் பள்ளத்தாக்கின் எந்தப் பெரிய மருத்துவமனை நடைவழியிலும் இந்தப் பேச்சு காதில் விழும். இனிப்புநீர் முற்றி, விரலில் வந்த புண்ணால் பாதம் கறுத்துவிட்டது. மூத்த மகன் டாக்டரைத் தேடுகிறார், சிங்கப்பூர் மகள் வாட்ஸ்அப்பில் அழுகிறார், மாமா பூக்கட்டிப் பார்க்க பிரிக்ஃபீல்ட்ஸ் போயிருக்கிறார். கட்டிலில் படுத்திருப்பவரை மட்டும் யாரும் கேட்கவில்லை.

2019 தேசிய சுகாதார ஆய்வில் வயதுவந்த இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நாட்டின் சராசரி 18.3. அடுத்த வீட்டுக் கதையல்ல இது.

18 வயது நிறைந்து, நினைவும் தெளிவாக இருந்தால் சம்மதம் நோயாளியுடையது. பிள்ளையின் கையெழுத்து அதற்கு ஈடாகாது. 1982 கார் விபத்துக்குப் பின் பெட்டாலிங் ஜெயாவில் கழுத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண் முடங்கிப்போனார். அவர் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பரில்தான் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: எந்த ஆபத்தைச் சொல்வது என்பதை மருத்துவர்களின் வழக்கத்துக்கே விட்டுவிட முடியாது, நோயாளிக்கு முக்கியமாகப் படக்கூடியதைச் சொல்லியாக வேண்டும்.

"தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாங்க" என்கிறார்கள் பிள்ளைகள். பாசம்தான். ஆனால் பால்மரம் சீவி ஐந்து பிள்ளைகளை ஆளாக்கியவரா உடைந்துபோவார்?

என் கவலையெல்லாம் மொழிபெயர்க்கும் பேரனைப் பற்றியது. டாக்டர் மலாயில் சொல்கிறார்: இப்போதென்றால் பாதத்தோடு போகும், தள்ளிப்போட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரலாம், அப்போதும் புண் ஆறும் என்று உறுதி சொல்ல முடியாது. ஐந்தாம் படிவம் படிக்கும் பையன் பாட்டியிடம் திரும்புகிறான்: "சின்ன ஆப்பரேஷன் பாட்டி, சரியாயிடும்." பாட்டி சந்தையில் மலாயில் மீன் பேரம் பேசுபவர். 'போத்தோங்' என்றால் வெட்டுவது என்று அவருக்குப் புரியாதா? பேரன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார். அதுவே சம்மதமாகிவிடுகிறது. இந்த வேலையைப் பிள்ளைகள் தலையில் கட்டக் கூடாது. வார்டில் தமிழ் தெரிந்த மிஸ்ஸி ஒருவரைக் கூப்பிடச் சொல்லிக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

நினைவு தப்பிவிட்டால் சிக்கல் வேறு. அவசரத்தில் உயிர்காக்க டாக்டரே முடிவெடுக்கலாம். நோயாளி முன்பே தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தால் அதை மதிக்கச் சொல்லும் மருத்துவ நெறிமுறையும் உண்டு, ஆனால் தனிச் சட்டம் இல்லை. சேமநிதிக்கு நாமினி போட்டாயிற்று, வீட்டுக்கு உயிலும் எழுதியாயிற்று. மூச்சுக்குழாய் போடலாமா வேண்டாமா என்று சொல்லப்போவது யார்? தீபாவளிக்கு வீடு நிறைந்திருக்கும்போது பேச்சை எடுங்கள். "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு" என்று பெரியம்மா அதட்டுவார். அதட்டி முடிக்கட்டும், அவரிடமே முதலில் கேளுங்கள்.